எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு தராசு முள் நின்றுவிட்டால்…

கடந்த ஆண்டு ஒரு ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, ஹவுளுக்குப் பக்கத்தில் ஒரு சகோதரர் காத்துக்கொண்டிருந்தார். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் கணக்குப் பார்க்கிறவர். கூட்டம் கலைந்த பிறகு மெதுவாகச் சொன்னார்:

"ஹஜ்ரத், வீட்ல வயித்துல ஆபரேஷன் பண்ணி ஆறு மாசம் ஆச்சு. 108 கிலோ இருந்தவங்க 84க்கு வந்தாங்க. இப்ப அஞ்சு வாரமா முள்ளு அசையல. திங்கள், வியாழன் நோன்பு பிடிக்கிறாங்க. ராத்திரியும் சாப்பிடறதில்ல. இன்னும் என்ன அமல் செஞ்சா குறையும்?"

நான் அமல் எதுவும் சொல்லவில்லை. "டாக்டரைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டேன். நான்கு மாதம் ஆகிவிட்டதாம். "மலையிலிருந்து இறங்கி மதுரைக்குப் போய் வர ஒரு நாள் போயிடுது ஹஜ்ரத். நல்லாத்தானே இருக்காங்கன்னு விட்டுட்டோம்" என்றார்.

அந்தச் சகோதரி நல்லாயில்லை. உட்கார்ந்து எழுந்தால் தலை சுற்றல், கொத்துக் கொத்தாக முடி உதிர்வு. "ஆபரேஷன் வீண், நான்தான் ஏதோ தப்பு பண்றேன்" என்று ஓயாத கவலை வேறு. முள் நின்றதைவிட, அது நின்றதற்காக அவர் தன் உடம்புக்குச் செய்துகொண்டதுதான் பெரிய ஆபத்தாக இருந்தது.

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21) கணக்குப்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடை கொண்டவர்கள். இந்த அறுவை சிகிச்சை இனி நம் வீடுகளுக்கும் புதிதாக இருக்காது. நான் மருத்துவன் அல்ல. மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை, நம் குடும்பங்களுக்குப் பயன்படும் வகையில் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

இந்த அறுவை சிகிச்சை என்ன செய்கிறது?

நம் பகுதியில் அதிகம் கேள்விப்படும் முறைகள் இரண்டு. முதலாவது ஸ்லீவ். இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு குழாய் போல ஆக்கிவிடுவார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு அதிகம் உண்டாகும் பகுதியும் வெட்டப்படும் பாகத்தோடு போய்விடுவதால் பசி வெகுவாகக் குறைகிறது.

இரண்டாவது பைபாஸ். இரைப்பையின் மேல் பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளளவுள்ள ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேரே இணைத்துவிடுவார்கள். உணவும் குறைகிறது, சத்துகள் உறிஞ்சப்படும் விதமும் மாறுகிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் எட்வர்ட் மேசன் 1966ஆம் ஆண்டு தொடங்கி வைத்த முறை, பல மாற்றங்களுக்குப் பிறகு இன்றைய வடிவத்துக்கு வந்துள்ளது.

இவ்விரண்டில் எதைச் செய்துகொண்டாலும் ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தச் சிகிச்சை எல்லாரையும் ஒல்லியாக்குவதில்லை. பொதுவாக ஸ்லீவில் மொத்த எடையில் சுமார் 25 சதவீதமும் பைபாஸில் சுமார் 30 சதவீதமும் குறையும். ஆளுக்கு ஆள் இது கூடும், குறையும். 108 கிலோ இருந்தவர் 76 முதல் 81 கிலோவுக்குள் வந்து நின்றால், அவருக்குச் சிகிச்சை நன்றாகவே பலித்திருக்கிறது என்று பொருள். கல்யாணத்தின்போது இருந்த 55 கிலோதான் இலக்கு என்று வீட்டில் யாராவது நினைத்துக்கொண்டிருந்தால், அந்த நினைப்பைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

எடை ஏன் நிற்கிறது?

போடியிலிருந்து மெட்டுக்கு ஏறும் ஜீப்பில் பன்னிரண்டு பேர் இருந்தால் அது குடிக்கும் டீசல் வேறு, ஐந்து பேர் இருந்தால் வேறு. உடம்பும் அப்படித்தான். 108 கிலோவைச் சுமந்து நடந்த உடம்புக்குத் தேவைப்பட்ட சக்தி, 84 கிலோ உடம்புக்குத் தேவையில்லை. அதே அளவு சாப்பிட்டு அதே அளவு நடந்தாலும், ஒரு கட்டத்தில் வரவும் செலவும் சமமாகிவிடும். அங்கே முள் நிற்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. உடம்பு எடை இழப்பைப் பஞ்சம் என்றே எடுத்துக்கொள்கிறது. 1944–45ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரை வயிற்று உணவு கொடுத்துப் பார்த்தார். எடை குறைந்ததற்கேற்ற அளவையும் தாண்டி அவர்களுடைய உடம்பு தன் சக்திச் செலவைச் சுருக்கிக்கொண்டது. உடம்பில் குளிர், சோர்வு, மனச்சோர்வு, சாப்பாட்டைப் பற்றியே ஓயாத நினைப்பு என்று எல்லாம் வந்தன. முள் நின்றதும் இரவுச் சாப்பாட்டை விட்டுவிடும் நம் சகோதரிகள், இதே நிலையைத் தமக்குத் தாமே வரவழைத்துக்கொள்கிறார்கள்.

மூன்றாவது, தசை. போதிய புரதம் இல்லாமல் எடை குறையும்போது கொழுப்போடு சேர்த்துத் தசையும் கரைகிறது. ஓய்வாக இருக்கும்போதும் சக்தியைச் செலவழிப்பது தசை. அது கரைந்தால் செலவும் குறையும். முள் இன்னும் சீக்கிரம் நிற்கும்.

ஆகவே முள் நிற்பது சோம்பலுக்கோ பேராசைக்கோ கிடைத்த தண்டனை அல்ல. அது உடம்பின் இயற்கையான வேலை.

எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

போடிமெட்டிலிருந்து முந்தலுக்கு இறங்கும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வண்டி ஏறக்குறைய நின்று, வந்த திசைக்கே திரும்புவது போல இருக்கும். ஆனாலும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். எடை குறைவதும் இப்படித்தான். எந்த வளைவில் இருக்கிறோம் என்று தெரிந்துகொண்டால் பாதிக் கவலை போய்விடும்.

*மூன்றாவது வாரத்தை ஒட்டி:* சிகிச்சை முடிந்த இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் பலருக்கு முள் திடீரென நின்றுவிடும். முதலில் வேகமாகக் குறைந்ததில் பெரும்பங்கு நீர். கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். முதல் வாரங்களில் அந்தச் சேமிப்பு கரைய, நீரும் வெளியேறுகிறது. உணவு கொஞ்சம் கூடியதும் சேமிப்பும் நீரும் திரும்புகின்றன. உள்ளே கொழுப்பு குறைந்துகொண்டே இருந்தாலும், திரும்பிய நீர் அதைத் தராசில் மறைத்துவிடுகிறது. ஒன்றிரண்டு வாரங்களில் இது தானே சரியாகிவிடும். எதையும் மாற்றத் தேவையில்லை.

*நான்காவது மாதம் முதல் ஒரு வருடம் வரை:* இடையிடையே சில வாரங்கள் நின்று, பிறகு மீண்டும் குறையும். திட உணவுக்கு முழுமையாக மாறிய காலம் இது. புரதமும் நடையும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டிய கட்டமும் இதுதான். ஜும்ஆ அன்று அந்தச் சகோதரர் சொன்னது இந்த நிறுத்தத்தைத்தான்.

*ஒரு வருடம் முதல் இரண்டு வருடம் வரை:* இங்கே வருவது பெரும்பாலும் கடைசி நிறுத்தம். சுவீடனில் 1987ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு பெரிய ஆய்வில், அறுவை சிகிச்சை செய்துகொண்ட சுமார் 2,000 பேரும் செய்துகொள்ளாத சுமார் 2,000 பேரும் பல ஆண்டுகள் கவனிக்கப்பட்டார்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு ஒன்று முதல் இரண்டு ஆண்டுகளில் சராசரியாக 32 சதவீதம் எடை குறைந்து, பத்தாவது ஆண்டில் 25 சதவீதக் குறைவில் நிலைத்தது. சிறிதளவு எடை திரும்புவது வழக்கம் என்பதும், பெரும்பகுதி திரும்பாமல் நிற்கிறது என்பதும் இதிலிருந்து தெரிகின்றன. 2007இல் வெளியான இதன் முடிவுகள், சிகிச்சை செய்துகொண்ட குழுவில் மரணங்களும் குறைவு என்று காட்டின.

*நின்ற பிறகு தொடர்ந்து ஏறுவது:* இது வேறு விஷயம். மாதா மாதம் கிலோ கணக்கில் ஏறினால் காத்திருக்கக் கூடாது. மருத்துவரிடம் போக வேண்டும்.

தினமும் எடை பார்க்காதீர்கள். உப்பு, மலச்சிக்கல், மாதவிடாய் நாட்கள் ஆகியவற்றால் மட்டுமே ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும். வாரம் ஒரு முறை, ஒரே தராசில், காலையில் வெறும் வயிற்றில் பார்த்துக் குறித்து வையுங்கள். இடுப்புச் சுற்றளவை மாதம் ஒரு முறை டேப்பால் அளந்து எழுதுங்கள். நான்கு வாரம் தொடர்ந்து எடையும் அசையாமல் இடுப்பும் குறையாமல் இருந்தால் மட்டுமே அதை நின்றுவிட்டதாகக் கொள்ளலாம். அந்தச் சகோதரி அந்த ஐந்து வாரத்துக்குள் தம் புர்காவை மறுபடியும் பிடித்துத் தைத்திருந்தார். அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

வீட்டில் முதலில் சரிபார்க்க வேண்டியவை

*புரதம்:* சிகிச்சைக்குப் பிறகு நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டல். ஆளைப் பொறுத்து மருத்துவர் கூட்டிச் சொல்லலாம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் 6 முதல் 7 கிராம், வெந்த கோழிக்கறி 100 கிராமில் 25 கிராமுக்கு மேல், 100 கிராம் பனீரில் சுமார் 18 கிராம், அவித்த கொண்டைக்கடலை 100 கிராமில் 8 முதல் 9 கிராம் இருக்கும். தட்டில் கறி, மீன், முட்டை, பருப்பை முதலில் சாப்பிட வேண்டும். பிறகு காய்கறி. சோறும் இடியாப்பமும் இடம் இருந்தால் கடைசியில். நம் வீடுகளில் நடப்பது நேர்மாறு: பிரியாணியில் சோற்றைச் சாப்பிட்டு வயிறு நிறைந்ததும் கறித்துண்டு அப்படியே நின்றுவிடும்.

*வழுக்கிக்கொண்டு இறங்கும் உணவுகள்:* சிறிய இரைப்பை திட உணவைத்தான் தடுத்து நிறுத்தும். கஞ்சி, பாயசம், ஃபிர்னி, ஐஸ்கிரீம், சர்பத், டீயில் நனைத்த வருக்கி, பிஸ்கட் போன்றவை தங்காமல் இறங்கிவிடும். வயிறு நிறைந்த உணர்வு வராது. சக்தி மட்டும் சேரும். "கொஞ்சந்தானே சாப்பிடறேன், எப்படி ஏறுது?" என்ற கேள்விக்குப் பல நேரம் பதில் இங்கேதான் இருக்கிறது.

*டீ:* நம் மலைப் பக்கத்தில் குளிருக்கு ஐந்து டீ சாதாரணம். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சீனி என்றால், ஐந்து டீக்கு சுமார் 50 கிராம் சீனி. சக்தி கணக்கில் 200 கலோரி, பால் சேர்க்காமல். சீனியை விட்டுவிட்டால் இந்த 200 அப்படியே மிச்சம். பைபாஸ் செய்தவர்களுக்கு அதிக இனிப்பு வேறு சிரமமும் தரும்: சாப்பிட்ட சற்று நேரத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு.

*தண்ணீர்:* நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், சிறு சிறு மிடறாக. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கக் கூடாது. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்தே குடிக்க வேண்டும். வயிற்றில் உணவுக்கும் தண்ணீருக்கும் மூச்சுக்கும் இடம் விடச் சொல்லும் நபிமொழியை நாம் அறிவோம். இவர்களுடைய வயிற்றில் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் இடமில்லை என்பதால், நேரத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

*கொறித்தல்:* கடையில் உட்கார்ந்து ஏலக்காய் தரம் பிரிப்பவர்கள், டிவி முன் இருப்பவர்கள், பிள்ளைகள் மீதம் வைத்ததை வீணாக்கக் கூடாது என்று வாயில் போட்டுக்கொள்ளும் தாய்மார்கள் ஆகியோர் கவனிக்க வேண்டியது இது. மூன்று நாள் மட்டும், வாயில் போனதை ஒன்றுவிடாமல் எழுதிப் பாருங்கள். பல வீடுகளில் அந்தத் தாளே காரணத்தைச் சொல்லிவிடும்.

*நடையும் தசைப் பயிற்சியும்:* உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பையும், வாரத்தில் இரண்டு நாட்கள் தசைக்கான பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. முள் நின்றவர்களுக்கு இரண்டாவது மிக முக்கியம். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, மாடிப்படி ஏறுவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துத் தூக்கி இறக்குவது என எல்லாம் வீட்டுக்குள்ளேயே செய்யக்கூடியவை. எப்போது தொடங்கலாம் என்று மட்டும் அறுவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

*தூக்கம், மருந்துகள், சுரப்பிகள்:* தூக்கம் கெட்டால் பசி கூடும். இன்சுலின், ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள் எடையைக் கூட்டலாம். தைராய்டு குறைபாடும் அப்படியே. இவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் பட்டியலைக் காட்டுங்கள்.

*கர்ப்பம்:* எடை குறையும்போது, நீர்க்கட்டியால் பல வருடம் குழந்தை இல்லாதிருந்த பெண்களுக்குக் கூட எதிர்பாராமல் கரு தங்கலாம். முள் நின்று மாதவிடாயும் தள்ளிப்போனால் முதலில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சிகிச்சைக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடுவது நல்லது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். கணவன், மனைவி இருவரும் சேர்ந்து மருத்துவரிடம் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

மாத்திரையை நிறுத்தாதீர்கள்

முள் நின்றதும் "சத்து மாத்திரையால்தான் எடை ஏறுது" என்று நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். வைட்டமின் மாத்திரையில் எடை கூட்டும் சக்தி எதுவும் இல்லை. சிகிச்சைக்குப் பிறகு இரும்புச் சத்து, பி12, டி3, கால்சியம், தயமின் ஆகியவை உணவிலிருந்து மட்டும் போதுமான அளவு கிடைக்காது. கால்சியம் நாளொன்றுக்கு 1,200 முதல் 1,500 மில்லிகிராமும், மாதவிடாய் உள்ள பெண்களுக்கு இரும்பு 45 முதல் 60 மில்லிகிராமும் சர்வதேசப் பரிந்துரை. உங்களுக்கு எவ்வளவு என்பதை மருத்துவர் எழுதித் தருவார். இது ஆயுள் முழுவதும் தொடர வேண்டியது. இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். இரும்பை டீயோடு விழுங்காதீர்கள்.

கேப்ஸ்யூல் உறையில் உள்ள ஜெலட்டின் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அந்தச் சந்தேகத்தாலேயே மாத்திரையை மூடி வைத்துவிடுவது சரியல்ல. மென்று சாப்பிடும் மாத்திரைகளும், தாவர உறை கொண்ட கேப்ஸ்யூல்களும் கடைகளில் கிடைக்கின்றன. சத்துப் பொருள்களின் அட்டையில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவரிடம் காரணத்தைச் சொன்னால் மாற்றி எழுதிக் கொடுப்பார்.

விளம்பரத்தில் வரும் மூலிகைப் பொடி, "கொழுப்பைக் கரைக்கும்" பானம், வாரக் கணக்கில் வெறும் ஜூஸ் ஆகியவற்றைத் தொடாதீர்கள். செமாக்ளூடைட், டிர்செபடைட் போன்ற ஊசி மருந்துகள் இப்போது நம் நாட்டில் கிடைக்கின்றன. சிகிச்சைக்குப் பிறகு எடை திரும்பும் சிலருக்கு மருத்துவர்கள் இவற்றைத் தருவதுண்டு. அது மருத்துவர் முடிவு. தெரிந்தவர் சொன்னார் என்று வாங்கிப் போட்டுக்கொள்ளும் மருந்தல்ல.

ரமளானும் உபரி நோன்பும்

முதலில் உபரி நோன்பு. திங்கள், வியாழன் நோன்பு சிறந்த இபாதத். ஆனால் நின்ற முள்ளை நகர்த்துவதற்காக, மருத்துவரிடம் கேட்காமல், அறுவை சிகிச்சை முடிந்த சில மாதங்களில் அதைத் தொடங்குவது உடலை வருத்துவது. புரதமும் தண்ணீரும் மிகக் கஷ்டப்பட்டு நாள் முழுக்கச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டிய வயிறு அது. பதின்மூன்று மணி நேரம் அடைத்துவிட்டால் அந்தக் கணக்கு நிறைவேறாது. உபரி வணக்கத்தை விடுவதில் குற்றமில்லை. உடலைக் கெடுத்துக்கொள்வதைத்தான் மார்க்கம் விரும்பவில்லை.

ரமளான் நோன்பைப் பொறுத்தவரை, அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் நோயாளிக்குத் தெளிவான சலுகை தருகின்றன. சிகிச்சை முடிந்த முதல் ஆறு மாதங்கள், பலருக்கு ஒரு வருடம் வரை, நோன்பு வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வது வழக்கம். நம்பகமான மருத்துவர் அப்படிச் சொன்னால் நோன்பை விட்டு, உடல் தேறிய பிறகு களாச் செய்துகொள்ளலாம். நிரந்தரமாகவே முடியாது என்ற நிலை இருந்தால் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா இருக்கிறது. உங்கள் ஊர் ஆலிமிடம் மருத்துவச் சீட்டோடு போய்க் கேளுங்கள். சலுகையை ஏற்பது ஈமானின் குறைவு அல்ல.

மருத்துவர் அனுமதித்து நோன்பு பிடிப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

– இஃப்தாரில் ஒரு பேரீச்சை, சில மிடறு தண்ணீர். மஃரிப் தொழுதுவிட்டு வந்து முட்டை, கோழி, மீன் என்று புரதம். நோன்புக் கஞ்சி வேண்டுமென்றால் சிறு கிண்ணத்தில், புரதத்துக்குப் பிறகு. வடை, சமோசா, ரூஹ் அஃப்ஸா ஒவ்வொரு நாளும் வேண்டாம்.

– இஃப்தார் முதல் ஸஹர் வரை பத்து மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. விழித்திருக்கும் நேரத்தில் அரை மணிக்கு ஒரு சிறு தம்ளர் என்று பிரித்தால் ஒன்றரை லிட்டரை எட்டலாம். கடைசி நேரத்தில் ஒரு செம்பைக் கவிழ்த்தால் வாந்திதான் வரும்.

– ஸஹரை விடாதீர்கள். வெறும் கஞ்சியோடு முடிக்காமல் புரதம் சேருங்கள்.

– மாத்திரைகளின் நேரத்தை ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் மாற்றி எழுதி வாங்குங்கள். நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு இது கட்டாயம். எடை குறைந்த உடம்புக்குப் பழைய அளவு அதிகமாகி, சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்.

– தலை சுற்றல், மயக்கம், இடைவிடாத வாந்தி வந்தால் நோன்பைத் திறந்துவிடுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை

விருந்தோம்பல் நம் பெருமை. "இன்னும் ஒரு கை, எனக்காக" என்று வற்புறுத்துவது நம் பழக்கம். அறுவை சிகிச்சை செய்தவருக்கு அந்த ஒரு கை, வலியையும் வாந்தியையும் தரலாம். வலீமாவில், ஸஹனில் சேர்ந்து உட்காரும்போது அவருக்குத் தனிச் சிறு தட்டு கொடுங்கள். ஸஹனில் தான் எவ்வளவு சாப்பிட்டோம் என்று அவருக்கே தெரியாது. தனித் தட்டு பிரிவினை அல்ல.

"இவ்வளவு செலவு பண்ணியும் இவ்வளவுதானா?" என்ற கேள்வியைத் தயவுசெய்து கேட்காதீர்கள். மாமியார், நாத்தனார், கணவர் யாராக இருந்தாலும் சரி. அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பலர் மறைத்துப் பட்டினி கிடக்கிறார்கள், அல்லது மறைத்துச் சாப்பிடுகிறார்கள். இரண்டுமே மருத்துவரிடம் சொல்லப்படாமல் போகின்றன.

எப்போது உடனே மருத்துவரிடம் போக வேண்டும்?

இவை எடை நிற்பதன் அடையாளங்கள் அல்ல; ஆபத்தின் அடையாளங்கள்:

– இரண்டு, மூன்று நாட்களுக்கு மேல் நிற்காத வாந்தி. இதனால் தயமின் சத்து வேகமாகக் குறைந்து மூளை, நரம்பு பாதிக்கப்படலாம்.
– பார்வை இரண்டாகத் தெரிவது, நடையில் தள்ளாட்டம், குழப்பம், காலில் மரத்துப்போதல்.
– கடும் வயிற்று வலி, காய்ச்சல், வேகமான நாடித் துடிப்பு.
– கறுத்த மலம் அல்லது இரத்த வாந்தி. மூட்டு வலிக்குக் கடையில் வாங்கும் சில வலி மாத்திரைகள், குறிப்பாக பைபாஸ் செய்தவர்களுக்கு, புண் உண்டாக்கும். கேட்காமல் சாப்பிடாதீர்கள்.
– வலது மேல் வயிற்றில் வலி. வேகமாக எடை குறையும்போது பித்தப்பைக் கல் வருவதுண்டு.

ஆபத்து எதுவும் இல்லாவிட்டாலும், முதல் வருடத்தில் மருத்துவர் சொன்ன தவணைகளிலும், பிறகு வருடம் ஒரு முறையும் இரத்தப் பரிசோதனையோடு போய்க் காட்ட வேண்டும். மலைமேல் இருப்பவர்களுக்கு இதுதான் கஷ்டம் என்பதை அறிவேன். ஆனால் 2023 ஜூன் முதல் போடியிலிருந்து மதுரைக்கு மீண்டும் ரயில் ஓடுகிறது. இரத்தப் பரிசோதனையைத் தேனியிலேயே எடுத்து, முடிவை அறுவை மருத்துவருக்கு முன்கூட்டி அனுப்ப முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். அலைச்சல் பாதியாகும். எடை உண்மையிலேயே ஏறிக்கொண்டிருந்தால் மருத்துவர் எண்டோஸ்கோபி செய்து இரைப்பை விரிந்திருக்கிறதா என்று பார்ப்பார். இரண்டாவது அறுவை சிகிச்சை என்பது எல்லாம் பார்த்த பிறகு வரும் கடைசிப் படி.

அந்தச் சகோதரர் அடுத்த வாரமே மனைவியை அழைத்துக்கொண்டு மதுரை போனார். இரும்புச் சத்து மிகக் குறைவு. புரதம் தேவையில் பாதிகூட இல்லை. மருத்துவர் சொன்னபடி உபரி நோன்பை நிறுத்தினார்கள், இரவு உணவு திரும்பி வந்தது, காலையில் இரண்டு முட்டை சேர்ந்தது, மாலையில் நடை. ஒரு மாதம் கழித்து முள் நகர்ந்தது. பெரிய அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த சில மாதங்களில் மெதுவாக 78க்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டது.

சமீபத்தில் பார்த்தபோது, "இன்னும் நோன்பு பிடிக்கிறாங்களா?" என்று கேட்டேன். "ரமளானுக்கு டாக்டர் சரின்னுட்டாரு ஹஜ்ரத். சர்க்கரை மாத்திரை ஒண்ணா குறைஞ்சிருச்சு. தொழுகையில உட்கார நாற்காலி வேணாம்னுட்டாங்க. தரையிலேயே தொழறாங்க" என்றார். எடை எவ்வளவு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதை அளக்கத் தராசு மட்டும் போதாது. நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.